பெரியவர் பாணி ஷூவும் உடையும்: சின்னக் குழந்தைக்கு எது பொருந்தும், எப்படிப் பார்த்து வாங்குவது

பெரியவர்கள் போடுவது போன்ற ஷூவையும் உடையையும் சின்னக் குழந்தைக்குப் போடலாமா என்று கேட்டால், நிறம், அச்சு, காலர், பாக்கெட் வரைக்கும் தாராளமாகப் போடலாம். ஷூவின் அடிப்பகுதி, உடையின் வெட்டு, மாட்டிக் கழற்றும் விதம் ஆகிய மூன்றும் குழந்தையின் உடம்புக்கென்றே செய்யப்பட்டிருக்க வேண்டும். தவறுகள் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் நடக்கின்றன. கடையில் கண்ணுக்குப் படுவது மேல்தோற்றம் மட்டும் என்பதால் வாங்கும்போது பிடிபடுவதில்லை.

இங்கே சொல்வது ஒன்று முதல் எட்டு வயது வரைக்குமானது. உடையைவிட ஷூவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொருந்தாத சட்டையைக் கழற்றினால் தொல்லை தீர்ந்துவிடும். பொருந்தாத ஷூ பாதத்தில் தடம் விட்டுப் போகும்.

பாதம் ஏன் பொறுத்துக்கொள்கிறது

பெரியவரின் பாதத்தில் 26 எலும்புகள். பிறந்த குழந்தைக்கு அவற்றில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். பாத வளைவின் உச்சியில் உள்ள படகெலும்பு கடினமாகத் தொடங்குவதே பல குழந்தைகளுக்கு இரண்டு வயதுக்கு மேல்தான். எலும்பு நீள்வதற்கு இடம் தரும் குருத்தெலும்புப் பகுதிகளான வளர்ச்சித் தட்டுகள் மூடிக்கொள்வது பதின்ம வயதில். சின்னக் குழந்தையின் உள்ளங்கால் தட்டையாகத் தெரிவதற்கு அங்கேயிருக்கும் கொழுப்பும் ஒரு காரணம். வளைவு தெளிவாகத் தெரிய ஆறு வயது, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

இதனால் ஒரு விபரீதம் உண்டு. குறுகிய ஷூவுக்குள் பெரியவர் காலை நுழைத்தால் வலிக்கும், உடனே கழற்றிவிடுவார். குழந்தையின் கால் மடங்கிக் கொடுத்து உள்ளே அடங்கிவிடும், பெரிதாக வலிக்கவும் செய்யாது. "இறுக்கமா இருக்காம்மா?" என்று கேட்டால், ஷூ பிடித்திருக்கும் குழந்தை "இல்லை" என்றுதான் சொல்லும். அந்தப் பதிலை நம்பி வாங்கக் கூடாது. அளந்துதான் வாங்க வேண்டும்.

அளக்கும் முறை

1. மாலையில் அளந்து பாருங்கள். நாள் முழுக்க நடந்த பாதம் சற்றே வீங்கியிருக்கும். ஷூவுக்குள் போடப்போகும் சாக்ஸையும் மாட்டிவிடுங்கள்.

2. சுவரை ஒட்டித் தரையில் காகிதத்தை வையுங்கள். குதிகால் சுவரைத் தொடும்படி குழந்தை இரண்டு காலிலும் எடை போட்டு நேராக நிற்க வேண்டும். உட்கார்ந்தபடி அளந்தால் நீளம் குறைவாக வரும்.

3. மிக நீளமான விரலின் நுனியில் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடு போடுங்கள். அது பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பலருக்கு இரண்டாவது விரல் நீளம். பென்சில் உட்பக்கம் சாய்ந்தாலே சில மி.மீ. போய்விடும்.

4. இரண்டு காலையும் அளந்து, பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

5. அதோடு 12 மி.மீ. சேருங்கள். நடக்கும்போது பாதம் முன்னுக்கு நகரும் இடமும், சில மாத வளர்ச்சிக்கான இடமும் அதில் அடக்கம். இதுதான் ஷூவின் உள்நீளமாக இருக்க வேண்டும்.

6. கெட்டி அட்டையில் அந்த நீளத்துக்கு ஒரு செ.மீ. அகலப் பட்டை வெட்டிக் கடைக்கு எடுத்துப் போங்கள். ஷூவுக்குள் விட்டால் வளையாமல் தட்டையாகப் படிய வேண்டும். வளைந்தால் ஷூ சிறிது.

பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பிப் பயனில்லை. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஐரோப்பிய அளவில் 6.67 மி.மீ., பிரிட்டிஷ் அளவில் 8.47 மி.மீ. கணக்கு இப்படி இருந்தாலும், ஒரே எண் போட்ட இரண்டு நிறுவன ஷூக்களின் உள்நீளம் மாறுபடுவது சாதாரணம். தோராயமாகத் தேட ஐரோப்பிய எண் வேண்டுமென்றால் உள்நீளத்தை செ.மீ.-இல் எடுத்து ஒன்றரையால் பெருக்குங்கள். பாதம் 16 செ.மீ. என்றால் உள்நீளம் 17.2, பெருக்கினால் 25.8. ஆகவே 26-இல் தேடத் தொடங்கலாம். முடிவை அட்டைப் பட்டைதான் சொல்ல வேண்டும்.

அகலத்துக்கு எளிய வழி, உள்ளே இருக்கும் மெத்தையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் குழந்தையை நிற்க வைப்பது. பாதம் பக்கவாட்டில் வெளியே வழியக் கூடாது. பெரியவர் பாணி ஷூக்களில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே தோற்றுப்போகும், முக்கியமாகச் சுண்டுவிரல் பக்கம். குழந்தையின் பாதம் விரல்கள் இருக்கும் இடத்தில்தான் மிக அகலம். நாகரிக ஷூ அதே இடத்தில்தான் குறுகத் தொடங்கும்.

ஷூவின் மூக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது எல்லாரும் செய்வது. அழுத்தம் தெரிந்தவுடன் குழந்தை விரலை மடக்கிக்கொள்வதால் இல்லாத இடம் இருப்பதாகத் தோன்றும். மூக்கு கெட்டியாக இருந்தால் ஒன்றுமே தெரியாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை அளப்பது? மூன்று வயது வரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆறு வயது வரை மூன்று நான்கு மாதத்துக்கு, அதன்பின் ஆறு மாதத்துக்கு. முன்னால் இருக்கும் இடம் 5 மி.மீ.-க்குக் கீழே வந்துவிட்டால், ஷூ எவ்வளவு புதிதாக இருந்தாலும் அதன் வேலை முடிந்தது. நாள்பட வரட்டும் என்று இரண்டு எண் பெரிதாக வாங்குவதும் சரியல்ல. ஷூ மடங்கும் இடமும் பாதம் மடங்கும் இடமும் பொருந்தாமல் போய், நடையில் முனை தடுக்கும்.

ஹீல்ஸ்

குதிகால் உயர்ந்தால் எடை முன்பாதத்துக்குப் போகிறது, பாதம் சரிந்து விரல்கள் மூக்கில் இடிக்கின்றன. இது எல்லாருக்கும் தெரிந்தது. கணுக்காலில் நடப்பது அவ்வளவாகத் தெரியாது. கணுக்கால் மூட்டுக்குள் அமரும் எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். தரையில் சமமாக நிற்கும்போது அகலமான பகுதி மூட்டில் இறுகி உட்காரும். குதிகாலை உயர்த்தினால் குறுகிய பகுதி வந்து நிற்க, மூட்டு தளர்ந்துவிடும். கால் பிசகுவது அதனால்தான். பெரியவருக்கு அது பெரும்பாலும் தசைநார்ச் சுளுக்காக முடியும். குழந்தைக்குத் தசைநாரைவிட வளர்ச்சித் தட்டு பலவீனமானது. அடி அங்கே விழ வாய்ப்பு அதிகம்.

தினமும் போட்டால் கெண்டைக்கால் சதை குறுகிய நிலைக்குப் பழகும். அந்தச் சதை முடிவது குதிகால் எலும்பில். அங்கேயும் ஒரு வளர்ச்சித் தட்டு உண்டு. எட்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரையான குழந்தைகள் ஓடியாடிவிட்டுக் குதிகால் வலிக்கிறது என்று சொல்வதற்கு அந்தத் தட்டில் விழும் இழுப்பு ஒரு முக்கியக் காரணம். இறுகிய கெண்டைச் சதை இழுப்பைக் கூட்டும்.

எங்கள் வரையறை இது. ஆறு வயது வரை, குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசம் 5 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. ஆறிலிருந்து எட்டு வரை 1.5 செ.மீ. போதும், அதுவும் குதிகாலின் முழு அகலத்துக்கும் பரந்த அடிக்கட்டையாக, விசேஷ நாளில் இரண்டு மணி நேரத்துக்கு. பென்சில் போன்ற மெல்லிய ஹீல்ஸ் எந்த அளவிலும் வேண்டாம். அளக்கும்போது குதிகாலின் அடியிலுள்ள கட்டையை மட்டும் அளந்தால் தப்பு. முன்பக்கத் தடிமனைக் கழித்துப் பாருங்கள். 3 செ.மீ. கட்டையும் 2 செ.மீ. முன்தளமும் இருந்தால் சாய்வு 1 செ.மீ.தான். ஆனால் அவ்வளவு தடித்த முன்தளம் மடங்காது. அதற்காகவே அதை ஒதுக்கிவிடலாம்.

அம்மாவின் ஹீல்ஸைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் டக் டக் என்று நடப்பது வேறு விஷயம். அது விளையாட்டு, பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். படிக்கட்டுக் கதவைச் சாத்தி வைத்தால் போதும், பிடுங்க வேண்டியதில்லை.

மற்ற ஷூ வகைகள்

வாங்கும் முன் ஷூவைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். முன்னாலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், விரல்கள் தொடங்கும் இடத்தில், சுலபமாக மடங்க வேண்டும். நடுப்பகுதியில் மடங்கினால் தாங்கலே இல்லை. எங்கேயும் மடங்காவிட்டால் குழந்தை காலை உதறி உதறி வைத்து நடக்கும். குதிகாலைச் சுற்றியுள்ள பின்சுவர் மட்டும் இரண்டு விரலால் அழுத்தினால் நசுங்காத அளவுக்கு நிற்க வேண்டும்.

பட்டை இல்லாத பாலே ஷூ, லோஃபர், பின்பக்கம் திறந்த செருப்பு இவற்றுக்கெல்லாம் ஒரே குறை: காலோடு பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. கழன்றுவிடாமலிருக்கக் குழந்தை ஒவ்வோர் அடியிலும் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்ளும். மாதிரி பிடித்திருந்தால், மேற்பாதத்தின் குறுக்கே வெல்க்ரோ பட்டையோ பக்கிளோ உள்ளதாகத் தேடி வாங்குங்கள். லேஸ் கட்டப் பல குழந்தைகளுக்கு ஐந்து ஆறு வயதாகிவிடும். அதுவரை லேஸ் வெறும் அலங்காரமாக இருக்கட்டும், உள்ளே எலாஸ்டிக்கும் பக்கத்தில் ஜிப்பும் வேலை செய்யட்டும்.

சூட்டோடு போடும் பளபளப்பான தோல் ஷூக்களின் அடி வழுவழுவென்று இருக்கும். மெழுகிய தரையில் ஓடினால் வழுக்கும். முரட்டு உப்புத்தாளால் அடியை நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கலாம், அல்லது செருப்புத் தைப்பவரிடம் மெல்லிய ரப்பர் தகடு ஒட்டச் சொல்லலாம்.

பெரியவர் மாதிரி தடித்த அடியுள்ள ஸ்போர்ட்ஸ் ஷூ பாதுகாப்பானது என்று தோன்றும். தராசில் வைத்துப் பாருங்கள். 15 கிலோ எடையுள்ள குழந்தையின் காலில் ஒரு ஷூ 300 கிராம் என்றால், 60 கிலோ எடையுள்ளவர் காலில் 1.2 கிலோவைக் கட்டியதற்குச் சமம். முழங்கால் வரை வரும் பூட்ஸில், மேற்பகுதி கையால் கசக்க முடிகிற மென்மையுடன் இருந்தால் சரி. விளக்கு எரியும் ஷூவில் பேட்டரி இருக்கும் இடம் கிழிந்துவிட்டால் ஷூவைத் தூக்கிப் போடுங்கள். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை எரித்துவிடும்.

அண்ணன், அக்கா போட்ட தினசரி ஷூ வேண்டாம். உள்மெத்தை அவர்கள் பாதத்துக்குக் குழிந்திருக்கும், அடி ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். இரண்டு மூன்று முறை மட்டும் போட்ட விசேஷ ஷூ என்றால், மெத்தையில் பள்ளம் இல்லையென்று பார்த்துவிட்டுப் போடலாம்.

உடை: வெட்டு எங்கே பொருந்தாது

1656-இல் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த ஐந்து வயது இளவரசி மார்கரீட்டா, கதவளவு அகலமான பாவாடைக்குள் நிற்கிறாள். அரண்மனைப் பெண்கள் அணிந்த அதே வெட்டு, அளவு மட்டும் சின்னது. கடைகளில் தொங்கும் பல உடைகளும் அதே வழியில்தான் தைக்கப்படுகின்றன. குழந்தை சுருக்கி வைத்த பெரியவர் அல்ல என்பதுதான் சிக்கல்.

பிறந்த குழந்தையின் தலை மொத்த உயரத்தில் நான்கில் ஒரு பங்கு, பெரியவருக்கு ஏறக்குறைய ஏழரையில் ஒரு பங்கு. இரண்டு வயதில் தலைச்சுற்றளவு 48 செ.மீ. அளவில் இருக்கும். அதனால் தலைவழியாகப் போடும் எந்த உடைக்கும் கழுத்து 50 செ.மீ.-க்கு மேல் விரிய வேண்டும், அல்லது தோளில் பட்டன் இருக்க வேண்டும். வட்டக் கழுத்து இறுக்கமாக இருந்தால் காது மடங்கும், குழந்தை பயந்து அழும், அப்புறம் அந்தச் சட்டையைக் கண்டாலே ஓடும்.

அடுத்தது இடுப்பு. நான்கு வயது வரை பல குழந்தைகளுக்கு வயிறு முன்னே தள்ளியிருக்கும், இடுப்பு என்று குறுகிய இடமே இருக்காது. இடுப்புக்குக் கீழே நிற்கும் ஜீன்ஸ் வயிற்றுக்கு அடியில் வழுக்கி இறங்கும். இறங்காமலிருக்க பெல்ட் போட்டால் வயிற்றை அழுத்தும். பின்பக்கம் உயர்ந்து வெட்டிய, எலாஸ்டிக் வைத்த இடுப்புதான் இந்த வயதுக்குச் சரி. இரண்டு விரல் நுழைய வேண்டும், கழற்றி அரை மணி நேரத்துக்குப் பிறகும் சிவப்புக் கோடு நிற்கக் கூடாது.

கழிப்பறையும் இதோடு சேர்ந்ததுதான். தானாகப் போகப் பழகும் குழந்தைக்கு உலோகப் பட்டனும் ஜிப்பும் உள்ள ஜீன்ஸ் போட்டால் பாதி வேலை கெட்டுப்போகும். அவசரத்தில் அவிழ்க்க முடியாது, நனைத்துக்கொள்ளும், பழி குழந்தைமேல் விழும். ஆண் குழந்தைகளுக்கு ஜிப்பில் தோல் சிக்கும் ஆபத்தும் உண்டு. ஜிப்பின் பின்னால் துணி மடிப்பு இல்லாத கால்சட்டை வாங்காதீர்கள். உள்ளாடை இல்லாமல் போடவும் விடாதீர்கள். சிக்கிவிட்டால் இழுக்காமல், எண்ணெய் தடவிச் சற்றுப் பொறுத்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். வரவில்லையென்றால் மருத்துவமனைக்குப் போவதுதான் சரி.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நிறுத்துவதால் பெரிதாக ஒன்றும் தெரியாது. குந்தி உட்காரச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள், நாற்காலியில் ஏறி இறங்கட்டும், பத்து அடி ஓடட்டும், தானாகவே கால்சட்டையை இறக்கி ஏற்றட்டும். இதற்கு நடுவே குழந்தையின் கை உடையை இழுத்துச் சரிசெய்யப் போனால், அது நாள் முழுக்க நடக்கும்.

பிளேசரும் கோட்டு சூட்டும் படம் எடுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சரி. எடைக்கு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு அதிகம், வெப்பத்தையும் குளிரையும் சீக்கிரம் வாங்கும். பாலியெஸ்டர் உள்துணி வைத்த மூன்றடுக்கு உடையில் வெகுவேகமாக வியர்த்துவிடும். பருத்தி உள்துணி, தோளில் பஞ்சு வைக்காத வெட்டு, எளிதில் கழற்றும் பட்டன் என்று பாருங்கள். டை என்றால் கிளிப்போ, இழுத்தால் கழன்றுவிடும் வெல்க்ரோவோதான். முடிச்சுப் போடும் டை வேண்டவே வேண்டாம்.

கயிறுகளில் சமரசமே கூடாது. தலைமூடியிலும் கழுத்திலும் தொங்கும் கயிறு சறுக்குமரத்தில் சிக்கி உயிரைக் குடித்திருக்கிறது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-இல் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி இடுப்புக் கயிறுகூட, உடையை முழுதாக விரித்தபின் 7.5 செ.மீ.-க்கு மேல் வெளியே தொங்கக் கூடாது. 7 வயதுக்கு உட்பட்டோர் உடையில் கழுத்து, தலைமூடிப் பகுதியில் இழுகயிறே கூடாது என்கிறது ஐரோப்பியத் தரநிலை. பெரியவர் ஹூடியின் நகலாக வரும் சட்டையில் கயிறு இருந்தால், முழுவதும் உருவி எடுத்துவிட்டு ஓட்டையைத் தைத்துவிடுங்கள். முனையில் முடிச்சுப் போட்டுச் சுருக்கினால் முடிச்சே இடுக்கில் மாட்டும்.

மணி, ஜிகினா, கல் பதித்த பட்டன்: மூன்று வயதுக்குள் என்றால் ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளைக்குள் அடங்கும் எதையும் மூச்சுத்திணறல் ஆபத்துள்ள சிறு பொருளாகவே கணக்கில் எடுக்கிறார்கள். ஜிகினா உடையை உட்புறம் வெளியே திருப்பி, உங்கள் முன்கையின் உட்பக்கத்தில் ஒரு நிமிடம் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கே அரித்தால் குழந்தையின் அக்குள் புண்ணாகும். ஜீன்ஸ் பட்டனின் உட்பக்கம் படும் இடத்தில், தொப்புளுக்குக் கீழே, சிவந்து அரித்தால் பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமைதான். உள்ளே பருத்தித் துண்டு ஒன்று தைத்துவிடுங்கள்.

தரையைத் தொடும் கவுனைக் கணுக்காலுக்கு மேல் நிற்கும்படி மடித்துத் தைத்துவிடுங்கள். படியேறும்போது குழந்தை தன் உடையையே மிதித்து விழுவதுதான் இதில் வழக்கமான விபத்து. நைலான் வலைத்துணி அடுக்கிய கவுன் தீயில் உருகித் தோலோடு ஒட்டும். மெழுகுவர்த்தி, அடுப்பு, பட்டாசு பக்கம் அந்த உடையோடு விடாதீர்கள்.

வயதுக்கு மீறிய வெட்டு

மார்புப் பகுதியில் பஞ்சு வைத்த மேலாடை, ஊடு தெரியும் துணி, இரட்டை அர்த்த வாசகம் அச்சிட்ட சட்டை: இவை குழந்தை அளவிலும் விற்கப்படுகின்றன. அமெரிக்க உளவியல் சங்கம் 2007-இல் வெளியிட்ட பணிக்குழு அறிக்கை, சிறுமிகளைப் பாலியல் பண்டமாகக் காட்டும் போக்கை அவர்களது தன்மதிப்புக் குறைவோடும் உடல் குறித்த வெட்கத்தோடும் தொடர்புபடுத்தியது. பிரிட்டனில் 2011-இல் சில்லறை வணிகர் கூட்டமைப்பே குழந்தை உடைகளுக்கு வழிகாட்டுதல் எழுதியது. வாங்கும்போது, இந்த வெட்டு உடம்பின் எந்த இடத்தைப் பார்க்கச் சொல்கிறது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். குழந்தைக்கு இன்னும் இல்லாத ஒன்றை எடுத்துக்காட்டுவதற்காகத் தைத்த உடை என்றால் வைத்துவிட்டு வாருங்கள். கையில்லாத சட்டையும் அரைக்கால்சட்டையும் இந்தப் பட்டியலில் வராது. வெயிலுக்கு அவைதான் வசதி.

குழந்தையிடம் மறுக்கும்போது "அசிங்கம்", "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்ற பேச்சு வேண்டாம். அது உடையை விட்டுவிட்டு உடம்பைக் குற்றவாளியாக்கும். "இதைப் போட்டுக்கிட்டு ஏணி ஏற முடியுமா, பாரு" என்று செய்தே காட்டலாம். பிறகு நீங்கள் ஏற்கெனவே சரிபார்த்த இரண்டைக் காட்டித் தேர்வை அதனிடம் விடுங்கள். அப்பா சட்டையின் அதே கட்டம், அக்கா கவுனின் அதே நிறம் கிடைத்தாலே பல குழந்தைகள் திருப்தியாகிவிடும்.

எப்போது மருத்துவரிடம்

ஷூ கழற்றியபின் நகத்தடியில் கறுத்திருப்பது, விரல் மேற்புறம் தடித்திருப்பது, நகம் சதைக்குள் குத்தி வளர்வது ஆகியவை ஷூவை மாற்றச் சொல்லும் அடையாளங்கள். மாற்றியும் வலி நீடித்தாலோ, ஒரு பக்கம் மட்டும் நொண்டினாலோ, மூன்று வயதுக்குப் பிறகும் பெரும்பாலும் நுனிக்காலிலேயே நடந்தாலோ காட்டிவிடுங்கள். தட்டைப் பாதத்துக்கு, குழந்தையை நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது வளைவு தோன்றினால் கவலையில்லை. தோன்றாமல் விறைப்பாகவே இருந்தால் பார்க்க வேண்டியதுதான்.

அன்பளிப்பாக வந்தவை

உறவினர் ஆசையாக வாங்கி வந்ததைத் தூக்கிப் போட மனம் வராது. உடை என்றால் பெரும்பாலும் சரிசெய்யலாம். இறுகிய இடுப்பைப் பிரித்து எலாஸ்டிக் வைக்கலாம், கழுத்தின் பின்னால் 8 செ.மீ. வெட்டி ஒரு பட்டன் வைக்கலாம், குத்தும் உள்பக்கத்துக்குப் பருத்தித் துணி கொடுக்கலாம். சின்னப் பையன் சட்டையின் பட்டன்களை மேலே அப்படியே தைத்துவிட்டு, அடியில் வெல்க்ரோ துண்டுகளை வைத்தால் தானாகவே போட்டுக்கொள்வான்.

ஷூவில் அப்படி முடியாது. ஹீல்ஸின் கட்டையை அறுத்து உயரத்தைக் குறைக்கச் சொல்லி சிலர் கேட்கிறார்கள். அடிக்குள் இருக்கும் கெட்டியான நடுத்தண்டு அந்தச் சாய்வுக்கென்றே வளைக்கப்பட்டது. கட்டையைக் குறைத்தால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், முன்பாதம் தரையில் படியாது. அதை விளையாட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு, அதே நிறத்தில் தட்டையான ஒரு ஜோடி வாங்குவதுதான் வழி.